நல்ல பேல்ச்சா யார் கையில்

தாராவியில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும்? ஃப்ரிட்ஜுக்குள் கட்டிக் கிடப்பதைக் கரண்டிக் காம்பால் குத்தி எடுப்போம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான் போன டிசம்பரில் மூன்று வாரம் வேறு பேச்சே இல்லாமல் பேல்ச்சா, பேல்ச்சா என்று அலைந்தேன். பேல்ச்சா என்றால், ஜல்லியும் மணலும் அள்ளிப் போடக் கட்டட வேலைக்காரர்கள் வைத்திருப்பார்களே, அகன்ற வாயும் நீளக் கம்புமாக, அதேதான். நான் தேடியது பனிச்சரிவில் புதைந்துபோன மனுஷனைத் தோண்டி எடுக்கிற பேல்ச்சா.

என் பெயர் இசக்கிசெல்வி. தொண்ணூறு அடி ரோட்டில் ஒரு பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறேன். தூக்கு, சம்படம், குடம் எது வாங்கினாலும் நம் ஆட்கள் பெயர் வெட்டாமல் கடைப்படி இறங்க மாட்டார்கள். மெஷின் ஊசியைப் பிடித்தால் என் கை நடுங்காது. வாய்தான் கொஞ்சம் அப்படி இப்படி. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று கடை முதலாளியே சொல்வார், அதையும் கொஞ்சம் தள்ளி நின்றுதான் சொல்வார்.

என் வீட்டுக்காரர் கணேசபாண்டியன் பைக் மெக்கானிக். அவருக்குக் கோபமே வராது. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வரும். செம்பூரில் இருக்கும் அவருடைய கஸ்டமர் ஒருவர் காஷ்மீரில், குல்மார்க் பக்கம், பனி ஸ்கூட்டர் கம்பெனி நடத்துகிறார். முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் அகலமாக ஒரு ரப்பர் பட்டை, அதுதான் பனி ஸ்கூட்டர். போன வருஷம் குளிர்காலத்தில் அந்த வண்டிகளைப் பழுது பார்க்க இவரைக் கூட்டிப்போனார்கள். ஷெட்டுக்குள்ளேயே வேலை. நானும் கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுத்து நிம்மதியாக அனுப்பினேன்.

இந்த வருஷம் கதை மாறிவிட்டது. சுற்றுலா வருகிறவர்களை ரோடு கிடையாத மலைக்குள் கூட்டிப்போகிறார்களாம். நடுவழியில் வண்டி நின்றால் சரிசெய்ய மெக்கானிக்கும் இன்னொரு வண்டியில் பின்னாலேயே போக வேண்டுமாம். இதை அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்.

"அங்கன சில எடத்துல பனி சரியும்ளா. அதுக்கு மூணு சாமான் வேணும். சட்டைக்குள்ள கட்டிக்கிடுத சிக்னல் பெட்டி, குத்திப் பாக்க நீளக் கம்பி, தோண்ட ஒரு பேல்ச்சா. முதல் ரெண்டும் கம்பெனியில குடுத்துருவாங்க. பேல்ச்சாவும் குடுப்பாங்க, ஆனா சொந்தமா நல்லதா ஒண்ணு வச்சுக்கன்னு சொன்னாங்க."

"சரிஞ்சு மேல விழுந்தா?"

"பதினஞ்சு நிமிசத்துக்குள்ள எடுத்துட்டா பொழைச்சுக்கிடலாம். சட்னி இன்னும் கொஞ்சம் போடு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் சட்னிக் கிண்ணத்தை அவர் முன்னால் நங்கென்று வைத்தேன். "பதினஞ்சு நிமிசம்! இட்லி வேகுற நேரம்! அதைத் தின்னுக்கிட்டே சொல்லுதியளே, நீங்க மனுசந்தானா? போக வேண்டாம்."

"வாக்குக் குடுத்துட்டேன் செல்வி," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமோ சொல்வதுபோல, "முன்னால ஒரு வண்டி கிடையாது, ஆளு கிடையாது, ஹார்ன் சத்தம் கிடையாது. நாப்பத்தோரு வயசுல இப்பதான் வண்டியை நிம்மதியா ஓட்டுதேன்," என்றார். அந்த முகத்தைப் பார்த்தபிறகு போக வேண்டாம் என்று மறுபடி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போகிற ஆள் திரும்பி வர வேண்டும், அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்றுதான் யோசித்தேன். செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. நல்ல பேல்ச்சா.

ஆனால் அவர் ஏற்கெனவே ஒன்றை ஆன்லைனில் வாங்கி வைத்திருந்தார். ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக். தூக்கினால் பூப்போல இருந்தது. எங்கள் மகள் சாதனா மாட்டுங்காவில் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவள்தான் போனில் இங்கிலீஷில் தேடிப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"ம்மா, இது பிலகுல் பேகார், ஒண்ணுக்கும் ஆகாது. சரிஞ்சு வர்ற பனி நின்னதும் சிமென்ட் மாதிரி இறுகிடுமாம். பிளாஸ்டிக் ஒடைஞ்சிடும்னு எல்லாரும் எழுதியிருக்காங்க."

"எழுதுவாங்க. அவங்க விக்கிற சாமானை நாம வாங்கணும்லா?" என்றேன். எனக்கு எதையும் கண்ணால் பார்க்க வேண்டும். குடத்தைத் தட்டிப் பார்க்காமல் யாராவது வாங்குவார்களா?

அதற்கு எனக்குத் தெரிந்த ஆள் ஜெயினுலாப்தீன் பாய். கடையநல்லூர்க்காரர். எங்கள் கடைக்குப் பின் சந்தில் அலுமினியம் உருக்குகிற பட்டி வைத்திருக்கிறார். சட்டி, கரண்டி, குக்கர் மூடி எல்லாம் அவர் பட்டறையில் ஆகி வரும். உலோகத்தைக் கையில் எடுத்தாலே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். நான் விஷயத்தைச் சொன்னதும் பிளாஸ்டிக் பேல்ச்சாவை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாம்மா, பர்ஃப்காரன்கிட்டப் போவோம்," என்று கிளம்பினார்.

மீன் வண்டிக்காரர்களுக்கு ஐஸ் விற்கிற கோடௌன் அது. நொறுக்கின ஐஸைக் குவித்து வைத்திருந்தார்கள். முதல்நாள் விற்காமல் மிஞ்சிய குவியல் ஒன்று மூலையில் இறுகிப் பாறையாகக் கிடந்தது. பாய் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அதில் ஓங்கி ஒரு குத்து குத்தினார். இரண்டு. மூன்றாவது குத்தில் ஆரஞ்சு வாய் நடுவாகப் பிளந்தது.

"பாய்! புதுச் சாமான்! பாக்கத்தான குடுத்தேன், ஒடைக்கவா குடுத்தேன்?" என்று கோடௌனே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். ஐஸ்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

பாய் சத்தமே போடவில்லை. "இங்கன ஒடைஞ்சதுக்குச் சந்தோசப்படும்மா. அங்கன ஒடைஞ்சிருந்தா நீ யாரைப் பாத்துக் கத்துவ?" என்றார். உடைந்த துண்டைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு அவருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, ரோஷம்.

இரண்டாவது ஒன்று வாங்கினோம். அலுமினியம்தான், ஆனால் தகடு. பாய் குத்தியதும் அதன் ஓரம் அப்பளம் மாதிரிச் சுருண்டது. மூன்றாவதை மணாலியில் மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் ஒரு கடையிலிருந்து சாதனா வரவழைத்தாள். பாய் அதைக் கையில் வாங்கியதுமே முகம் மாறியது. விரல் கணுவால் தட்டினார். காதருகே வைத்து மறுபடி தட்டினார்.

"இது பதம் போட்ட அலுமினியம். வாய்க்கு நடுவுல எலும்பு மாதிரி மடிப்பு ஓடுது பாரு, அதுதான் வளையாம புடிக்கும். மேல் ஓரத்தைத் தட்டையா விட்டிருக்கான், காலை வச்சு மிதிக்க. செஞ்சவன் தோண்டிப் பாத்துட்டுத்தான் செஞ்சிருக்கான்."

ஐஸ் பாறையில் இருபது முப்பது குத்து குத்தினார். வாய் அப்படியே இருந்தது, ஐஸ்தான் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. பிறகு பட்டியில் போடுகிற தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு பிடித்துப் பார்த்தார். சில பேல்ச்சாவில் பிடி வெறும் குறுக்குக் கட்டையாக இருக்கும். இதில் வளையம் போல இருந்ததால் கையுறையோடு நான்கு விரலும் உள்ளே போனது. கம்பு இரண்டு குழாயாக, ஒன்றுக்குள் ஒன்று சறுக்கி நீள்கிற மாதிரி. மடக்கினால் முதுகுப் பைக்குள் அடங்கியது. அதுவும் முக்கியம் என்று சாதனா சொன்னாள். வண்டியில் கட்டி வைத்தால் வண்டியோடு பேல்ச்சாவும் புதைந்துவிடுமாம். உடம்போடு இருக்க வேண்டுமாம்.

எல்லாம் சரியாக நடந்தது. அதற்குமேல் நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் பெயர் வெட்டாத சாமான் என் வீட்டு வாசலைத் தாண்டினதாகச் சரித்திரம் உண்டா?

"ம்மா, வேணாம்," என்றாள் சாதனா.

"ஏட்டி, அங்க பத்துப் பேரு பேல்ச்சா கிடக்கும். எவனாவது மாத்தி எடுத்துட்டுப் போயிட்டா? போடி அங்கிட்டு."

வாயில் கறுப்புப் பெயின்ட், அதைக் கெடுக்க மனசில்லை. பிடி பிளாஸ்டிக். மிச்சம் இருந்தது உள்குழாய்தான், வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு. 'க. கணேசபாண்டியன், தாராவி' என்று முத்து முத்தாக வெட்டினேன். வெட்டி முடித்துக் குழாயை உள்ளே தள்ளினால் இறுக்கமாக இருந்தது. புதுசுதானே, அப்படித்தான் இருக்கும் என்று தரையில் ஒரு தட்டுத் தட்டி மூடி அவர் பைக்குள் சொருகினேன். பாந்திரா டெர்மினஸில் ரயில் ஏற்றிவிட்டு வரும்போது, என்னால் ஆனதைச் செய்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தது.

ஜனவரியில் ஒரு நாள் காலை பத்தரைக்கு வீடியோ கால் வந்தது. அவருக்குப் பின்னால் கண் கூசுகிற வெள்ளை. அவர் மூக்கு மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"எளா, குழாயில பேரு வெட்டுனது யாரு?"

"நாந்தான். ஏன், அழகா இல்லையா?"

"அழகாத்தான் இருக்கு. நேத்து எங்களுக்குப் பயிற்சி. ஒரு சாக்குக்குள்ள சிக்னல் பெட்டியை வச்சுப் பனிக்குள்ள பொதைச்சுட்டாங்க. கண்டுபிடிச்சுத் தோண்டணும். நான் போய்ப் பேல்ச்சாவை எடுத்து இழுக்கேன், இழுக்கேன், குழாய் வெளிய வரமாட்டேங்கு. நீ வெட்டுன எழுத்துல பிசிறு நின்னு உள்ள கடிச்சுப் புடிச்சுட்டு. அத்தனை பேரும் சிரிக்காங்க."

ஐயோ. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. மூன்று வாரம் அலைந்து, பாயிடம் கத்தி, ஐஸில் குத்திப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சாமானை என் கையாலேயே கெடுத்து அனுப்பியிருக்கிறேன். பயிற்சியாக இல்லாமல் நிஜமாக இருந்திருந்தால்? என் முகத்தைப் பார்த்து அவரே பயந்துவிட்டார்.

"எமரித் தாள் போட்டு உரசிட்டேன், இப்ப வெண்ணெய் மாதிரி ஓடுது. உன் எழுத்துதான் பாதி போச்சு. நீ அழாத."

"நான் எங்க அழுதேன்?" என்று மூக்கை உறிஞ்சினேன்.

அப்போது அவருக்குப் பின்னால் நீலக் குல்லாய் போட்ட ஒரு ஆள் போனைப் பார்த்துக் கையசைத்தார். "இவந்தான் ஷகீல். உள்ளூர்க்காரன். எனக்கு ஜோடி," என்றார்.

"ஜோடின்னா?"

"சரிவைத் தாண்டும்போது ஒருத்தன்தான் போகணும். இன்னொருத்தன் நின்னு பாத்துக்கிட்டே இருக்கணும். நான் பொதைஞ்சா அவன் தோண்டணும், அவன் பொதைஞ்சா நான் தோண்டணும்."

எனக்கு அது மண்டைக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அப்ப நான் வாங்கிக் குடுத்தது உங்களுக்கு இல்லையா?"

"பொதைஞ்சு கிடக்குறவன் தன்னையே தோண்டிக்கிடுவானா? என் பேல்ச்சா ஷகீலுக்கு. ஷகீலோட பேல்ச்சாதான் எனக்கு."

ஷகீல் தன் பேல்ச்சாவைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். கம்பெனி கொடுத்தது. ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக்.

ஐஸ் கோடௌனில் மூன்றாவது குத்தில் கேட்ட சத்தம் எனக்கு மறுபடி கேட்டது. என் புருஷன் உயிரை எந்தச் சாமான் காப்பாற்ற வேண்டுமோ, அதை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஊரையெல்லாம் சுற்றி நான் வாங்கிய நல்ல பேல்ச்சா, முன்பின் தெரியாத ஷகீலைக் காப்பாற்றுவதற்கு. பெயர் வெட்டுகிற நாங்கள் அப்படியே பழகிவிட்டோம். சாமான் யாருக்கோ அவர் பெயரை வெட்டி அவர் கையில் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிற ஆட்கள்.

"மாத்துங்க," என்றேன். "இந்த நிமிசமே மாத்துங்க. உங்க பேல்ச்சாவை அவர்கிட்டக் குடுத்துட்டு அந்தப் பிளாஸ்டிக்கை நீங்க வச்சுக்கிடுங்க."

அவர் சிரிப்பு நின்றது. போனை எடுத்துக்கொண்டு ஷகீலுக்குக் கேட்காத தூரம் நடந்தார். தமிழ் அவருக்கு எப்படிப் புரியும்? இருந்தாலும் நடந்தார்.

"அப்ப அவன் பொதைஞ்சா?" என்றார்.

"அது..."

"அவனுக்கும் வீட்டுல ஆளு இருக்கு செல்வி."

எனக்கு அது தோன்றாமல் இல்லை. தோன்றியது. ஒதுக்கி வைத்தேன். இதை மறைத்துச் சொல்லி எனக்கு ஆவது ஒன்றுமில்லை. "எனக்கு என் வீட்டு ஆளுதான் முக்கியம்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

நேராக ஜெயினுலாப்தீன் பாயிடம் ஓடினேன். போனில் போட்டோவைக் காட்டி, "பாய், இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தாங்க. கூரியர்ல அனுப்பிருதேன்," என்றேன். தாராவியில் செய்ய முடியாத சாமான் உண்டா? வெளிநாட்டுப் பையும் பெல்ட்டும் நாலு சந்து தள்ளி ஆகிறது.

"செய்யலாம்," என்றார். "நாளைக்குச் சாயங்காலம் தந்துருவேன். பெயின்ட் அடிச்சு வச்சா எது அசல், எது நான் செஞ்சதுன்னு நீ கண்டுபிடிக்க மாட்ட. அதனாலதான் செய்ய மாட்டேன்."

"பாய்!"

"எனக்கு உருக்கி ஊத்தத் தெரியும்மா. அந்தப் பதம் போடத் தெரியாது. நான் செஞ்சா சட்டி செய்வேன், கரண்டி செய்வேன். சட்டி ஒடைஞ்சா குழம்புதான் போகும். நான் செஞ்ச பேல்ச்சாவை நம்பி ஒருத்தன் குழிக்குள்ள கிடக்கக் கூடாது. அல்லாவுக்கு நான் பதில் சொல்லணும்."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். கல்நெஞ்சுக்காரர் என்றேன். இருபது வருஷப் பழக்கத்துக்கு இதுதானா மரியாதை என்றேன். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், ஆனால் அசையவில்லை. வீட்டுக்கு வந்து சாதனாவை விட்டு மணாலிக் கடைக்குப் போன் போடச் சொன்னேன். அதே பேல்ச்சா ஸ்டாக் இல்லை, வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். சொல்லி வைத்தோம்.

மூன்று வாரம் எப்படிச் சும்மா இருப்பது? அடுத்த நாள் மறுபடி என் வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டேன். புது பேல்ச்சா வருகிறவரைக்குமாவது மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். கெஞ்சினேன், அழுதேன், சாதனாமேல் சத்தியம் செய்யச் சொன்னேன். அவர் சத்தியம் மட்டும் செய்யவில்லை. கடைசியில் பெருமூச்சு விட்டு, "சரி, மாத்திக்கிடுதேன்," என்றார். மறுநாள் நானே கேட்டேன். "மாத்தியாச்சு. நல்லது இப்ப ஷகீல்கிட்டத்தான் இருக்கு. நீ நிம்மதியா இரு," என்றார்.

நிம்மதியாகத்தான் இருந்தேன். நன்றாகச் சாப்பிட்டேன், கடையில் இரண்டு கஸ்டமரோடு சண்டை போட்டேன். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. என்னிடம் பொய் சொல்லத் தெரியாத மனுஷர் அவர். கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்தில் ஒரு டீ குடித்ததைக்கூட மறைத்ததில்லை.

பிப்ரவரி முதல் வாரம், செவ்வாய்க்கிழமை. மத்தியானம் ஒன்றரை மணி இருக்கும். ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் நூறு டிபன் பாக்ஸுக்குப் பெயர் வெட்டக் கொடுத்திருந்தார்கள். அவர் போன் வந்தது.

"செல்வி, எனக்கு ஒண்ணுமில்ல," என்றுதான் ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கிற போன் எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது. நான் மெஷினை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

"பனி சரிஞ்சுட்டு. ஷகீல் முதல்ல தாண்டுனான். நான் இங்கிட்டு நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். மேல ஒரு கோடு விழுந்த மாதிரி தெரிஞ்சுது, அவ்வளவுதான். வண்டியோட அவனை அடிச்சுட்டுப் போயிட்டு."

"ஐயோ! ஷகீல்..."

"கேளு. எல்லாம் நின்னதும் நான் எறங்கி ஓடுனேன். சிக்னல் பெட்டி சத்தத்தைப் புடிச்சுக்கிட்டே போனேன். கம்பியை வச்சுக் குத்துனேன், தட்டுப்பட்டுது. ஒரு மீட்டருக்கு மேல ஆழம். எங்ககூட வந்த டூரிஸ்ட் ஒருத்தரு கம்பெனி பேல்ச்சாவை எடுத்துக்கிட்டு ஓடி வந்தாரு. நாலாவது குத்துல அது ரெண்டாப் பொளந்துட்டு. அப்பறம் அவரு கையால தள்ளுதாரு, நான் தோண்டுதேன். சொன்னாங்கல்லா சிமென்ட்னு, நெசமாவே சிமென்ட்தான். கட்டி கட்டியா வெட்டி எடுக்கணும். பத்து நிமிசம். முகம் தெரிஞ்சப்ப நீலம் பாரிச்சுக் கிடந்தான். வாயில இருந்த பனியை விரலை விட்டு எடுத்தேன். இருமுனான் செல்வி. இருமிட்டான்."

அவர் அழுதார். நான் அவர் அழுது கேட்டதில்லை. நானும் அழுதேன். சுற்றி நின்றவர்கள் என்னவோ ஏதோ என்று தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

"இப்ப எப்படி இருக்காரு?"

"ஆஸ்பத்திரியில. தோள்பட்டை எறங்கிட்டு. மத்தபடி பேசுதான், டீ கேக்கான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நல்ல பேல்ச்சா ஷகீல் முதுகுப் பையில், ஷகீலோடு பனிக்குள் அல்லவா போயிருக்கும்?

"ஏங்க, எதை வச்சுத் தோண்டுனிய?"

அந்தப் பக்கம் அவர் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

"ஏங்க!"

"மாத்தல செல்வி," என்றார். "உன்கிட்டப் பொய் சொன்னேன். அவனைத் தோண்ட வேண்டிய நல்லது என்கிட்ட இருந்துச்சு. அதை எப்படித் தூக்கி அவன்கிட்டக் குடுத்து, நீ பொதைஞ்சா நான் பிளாஸ்டிக்கை வச்சுத் தோண்டுதேன்னு சொல்ல? நீ மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சும்மா சொல்லிட்டேன். கோவிச்சுக்கிடாத."

கோபமா? இருபத்தொரு வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன ஒரே பொய். அதை அவர் சொல்லாமல் என் பேச்சைக் கேட்டிருந்தால், பனிமேல் மண்டியிட்டு உடைந்த பிளாஸ்டிக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தியிருப்பார். கீழே ஒருவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருப்பார். அந்த உயிர் என் கணக்கில்தான் வந்திருக்கும். "நல்லவேளை, நல்லவேளை சாமி, நான் சொன்னதை நீங்க கேக்கல," என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

டிபன் பாக்ஸை அப்படியே போட்டுவிட்டுப் பாயின் பட்டறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னதும் கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் ஏந்தினார், "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அவர் கண்ணும் கலங்கியது. "பாய், அன்னைக்கு ஐஸ் கோடௌன்ல கத்துனதுக்கும், செய்ய மாட்டேன்னு சொன்னதுக்குத் திட்டுனதுக்கும் என்னை மன்னிச்சிருங்க. நீங்க குத்தி ஒடைச்சுப் பாக்கலன்னா..." என்று ஆரம்பித்தேன். அவர் கேட்கப் பிடிக்காதவர்போல், "போம்மா, பட்டி ஆறுது," என்று திரும்பிக்கொண்டார். அவர் திரும்பிக்கொண்டாலும் நான் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் வந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன். இந்தியில் ஒரு சின்னக் குரல் அக்கா என்று கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிப் பேசியது.

"தீதி, நான் அஸ்ரின். ஷகீலோட வீட்டுக்காரி. உங்க வீட்டுக்காரர், எங்க பாய்ஜான்தான் நம்பர் கொடுத்தார்."

என் பம்பாய் இந்தி அவளுக்கும் அவள் மலை இந்தி எனக்கும் பழகச் சற்று நேரம் பிடித்தது. இன்று காலையில் ஷகீலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றாள். இடது கையால் சாப்பிடுகிறார், சிந்துகிறார், நான் ஊட்டினால் கோபித்துக்கொள்கிறார் என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது.

"தீதி, அந்தப் பேல்ச்சாவை நீங்கதான் தேடித் தேடி வாங்கினீங்கன்னு பாய்ஜான் சொன்னார். ஐஸ்ல எல்லாம் குத்திப் பார்த்தீங்களாமே. முன்னப்பின்ன தெரியாத எங்களுக்காக இவ்வளவு செஞ்சீங்க. எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல."

அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொள்ள ரொம்ப ஆசையாகத்தான் இருந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. என் வீட்டுக்காரர் சொல்ல மாட்டார். ஆனால் எனக்கு நெஞ்சுக்குள் அது இறங்கவில்லை.

"அஸ்ரின், நான் ஒண்ணு சொல்லணும்," என்றேன். "நான் உங்களுக்காக வாங்கல. என் புருஷனுக்குன்னு நினைச்சு வாங்கினேன். அது ஷகீலுக்கான சாமான்னு தெரிஞ்சதும், அதைக் கொடுத்துட்டுப் பிளாஸ்டிக்கை வாங்கி வச்சுக்கச் சொல்லி அழுது சண்டை போட்டேன். உன் வீட்டுக்காரர் புதைஞ்சா எதை வச்சுத் தோண்டுவாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொன்னேன். என் வீட்டுக்காரர் என்னை ஏமாத்திட்டு மாத்தாம வச்சிருந்தார். அதனாலதான் ஷகீல் இருக்கார்."

அந்தப் பக்கம் யாரோ ஒரு ஆண் குரல் உள்ளேயிருந்து எதையோ கேட்டது. அவள் அவர்கள் பாஷையில் ஒரு வார்த்தை பதில் சொன்னாள். போனை வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். வைத்தால் அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

"இதை எதுக்கு என்கிட்டச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"தெரியாம நீ எனக்கு நன்றி சொல்லக் கூடாது. அதான்."

"சரி தீதி," என்றாள் அஸ்ரின். "இப்போ தெரிஞ்சே சொல்றேன். நன்றி."